கைவினைக் கத்தியின் விலை



மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று கத்தி. கல்லைச் சீவிக் கூராக்கிய காலந்தொட்டு இன்றுவரை அதன் தொழில் மாறவில்லை. ஒன்றை இரண்டாக்குவதே அதன் வேலை. இத்துணை எளிய கருவிக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று ஒருவர் கடைக்குச் சென்று ஏறத்தாழ 20 டொலருக்கு ஒரு நல்ல கத்தியை வாங்கிவிடலாம். அதே நாட்டில், அதே நீளமும் நிறையும் உள்ள மற்றொரு கத்திக்கு 400 டொலர், 500 டொலர், சில வேளைகளிற் பல்லாயிரம் டொலர் கேட்கிறார்கள். கேட்பவரும் இருக்கிறார், கொடுப்பவரும் இருக்கிறார், முற்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவரும் இருக்கிறார். இந்த இரண்டாவது கத்தி, ஒரு தனி மனிதன் தன் பட்டறையில் இருந்து, வாங்குவோர் சொன்ன அளவுக்கும் அமைப்புக்கும் ஏற்பத் தன் கையாற் செய்தது. அந்த விலை தகுமா, தகாதா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது மடக்குக் கத்தியை அன்று. அலகும் கைப்பிடியும் அசையாது ஒன்றாய்ப் பொருந்தி, தோலுறையிற் செருகி இடுப்பில் அணிந்துகொள்ளத்தக்க கத்தியையே எடுத்துக்கொள்கிறோம். வேட்டைக்காரரும், மீன் பிடிப்போரும், காட்டிற் கூடாரமடித்துத் தங்குவோரும் பயன்படுத்துவது அது. அதிலே கீல் இல்லை, வில் இல்லை, பூட்டு இல்லை. ஆகவே செய்தவனுடைய திறமையும் சரி, குறையும் சரி, அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

முதலில் இத்தொழில் அந்நாட்டில் எவ்வாறு தழைத்தது என்பதைச் சற்றே பார்ப்போம். ஆலைகள் பெருகியபோது அமெரிக்காவிலும் கையாற் கத்தி செய்வோர் அருகிப் போயினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மிச்சிகன் மாநிலத்தில், வில்லியம் ஸ்கேகல் என்பவர் தோல் வளையங்களை அடுக்கி மான்கொம்பு பொருத்திய கைப்பிடிகளுடன் கத்திகள் செய்து வந்தார். 1963ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1930களில் அவருடைய கத்தியொன்றினால் ஒருவர் படகிற் படிந்திருந்த பழைய வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்ததை, ரண்டல் என்னும் தோடைத் தோட்டக்காரர் ஒருவர் கண்டார். அத்தகைய முரட்டு வேலைக்கும் கத்தியின் விளிம்பு சிதையவில்லை. அதைக் கண்டு வியந்த அவர், புளோரிடா மாநிலத்திலிருந்த தம் இல்லத்தில் தாமும் கத்தி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் பலர் அவரிடம் கத்தி கேட்டு எழுதினர். பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களுக்கான கத்தியும் அவருடைய பட்டறையிலிருந்தே சென்றது.

1950களின் முற்பகுதியில் ரொபேட் லவ்லெஸ் என்னும் கப்பற்றொழிலாளி, நியூயோர்க் நகரத்துக் கடையொன்றிலே ரண்டல் செய்த கத்தியைக் கேட்டார். பல மாதங்கள் காத்திருக்க வேண்டுமென்று விடை வந்தது. காத்திருக்க மனமில்லாத அவர், கழித்துப் போட்ட மோட்டார் வண்டியொன்றின் வில்லுத் தகட்டைத் தேடியெடுத்துத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். அவரே பின்னாளில் அந்நாட்டுக் கத்தித் தொழிலின் போக்கை மாற்றியவர். ஆகாய விமானங்களின் சுழலிப் பொறிகளுக்கென ஆக்கப்பட்ட உயர்ந்த உருக்கைக் கத்தி அலகுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1970இல் கத்தி செய்வோருக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1976இல், உலையிற் காய்ச்சி அடித்துக் கத்தி செய்யும் கொல்லருக்கெனத் தனிச் சங்கமொன்றை வில்லியம் மோரன் என்பவர் முன்னின்று அமைத்தார்.

இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மறைந்துபோகவிருந்த ஒரு கைத்தொழிலை மீட்டது அரசின் உதவியும் அன்று. அறநிலையங்களின் கொடையும் அன்று. ஆலைக் கத்தியிலும் பன்மடங்கு விலை கொடுக்க முன்வந்த சாதாரண மக்களே அதனை மீட்டனர். அவர்கள் அறிவோடு கொடுத்தனரா, ஆசையாற் கொடுத்தனரா என்பதை இனி ஆராய்வோம். அதற்கு விலையைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதற்கூறு, வெட்டுந்திறன். கத்தி வெட்ட வேண்டும். வெட்டிய பின்னும் கூர் நிலைக்க வேண்டும். அழுத்தினால் ஒடியாதிருக்க வேண்டும். இவற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உருக்குக்குச் செய்யும் வெப்பப் பக்குவமே. சாதாரண காபன் உருக்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி எண்ணெயிலே தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கவுங் கூடும். பின்னர் 200 பாகை அளவிலே ஓரிரு மணி நேரம் வைத்திருந்தால், கடினத்திற் சிறிது குறைந்து, அதற்கு ஈடாக உறுதியைப் பெறும். இந்தப் பதம் தவறினால் எத்துணை விலையுயர்ந்த உருக்கும் பயன்படாது. பதம் சரியாக அமைந்தால் மலிவான உருக்கும் நன்றாக வெட்டும்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் நன்று. சம்மட்டியால் அடிக்க அடிக்க உருக்கின் அணுக்கள் நெருங்கி இறுகுகின்றன என்றும், ஆகவே அடித்துச் செய்த கத்தியே என்றும் உயர்ந்தது என்றும் விற்போர் சிலர் கூறுவர். உருக்கு அவ்வாறு நெருங்குவதில்லை. நல்ல உருக்குத் தகட்டை வெட்டித் தேய்த்துச் செய்த கத்தியும், காய்ச்சி அடித்துச் செய்த கத்தியும், பதம் ஒன்றாயின் ஏறக்குறைய ஒன்றுபோலவே வெட்டும். அடித்துச் செய்வதில் உருக்கு வீணாவது குறைவு. விரும்பிய வடிவத்தைக் கொண்டுவருவதும் எளிது. அதன் சிறப்பு அவ்வளவே.

வெப்பத்தை அளவோடு காக்கும் உலை இன்று ஆலைகளில் உண்டு. ஆயிரம் அலகுகளை ஒரே பதத்தில் இறக்க அவற்றால் இயலும். சுவீடன் நாட்டிலே மோரா என்னும் நகரையும் அதனை அடுத்த ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே கத்தி செய்து வருகிறார்கள். இன்று அவ்வூர்ப் பெயரால் வழங்கும் ஆலைக் கத்தி, தச்சர் முதல் படைவீரர் வரை பலருடைய இடுப்பிலும் காணப்படுகிறது. அதன் எளிய வகைகள் இருபது டொலர் அளவிலேயே கிடைக்கின்றன. மெல்லிய அலகு, நேர்த்தியான கூர், நல்ல பதம் எல்லாம் அதிலுண்டு. மீனைக் கீறவும், கயிற்றை அறுக்கவும், மரத்தைச் செதுக்கவும் அது போதும். நானூறு டொலர்க் கத்தி அதனிலும் இருபது மடங்கு நன்றாக வெட்டும் என்று எவரேனுஞ் சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றரை மடங்கு வெட்டினாலே வியப்பு. வெட்டுந்திறன் ஒன்றையே கருதி வாங்குவோருக்கு, அந்தப் பெருவிலை தகாது என்றே நாம் துணிந்து கூறலாம்.

இரண்டாங் கூறு, பொருத்தம். ஆலை, எல்லாருக்கும் பொதுவான ஒரு கத்தியைச் செய்கிறது. வாங்கியவர் அதனை நெம்புகோலாகவும் பயன்படுத்தி ஒடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவாரோ என்ற அச்சமும் ஆலைக்காரருக்கு உண்டு. ஆதலால், பல ஆலைகள் கூர்விளிம்புக்குப் பின்னேயுள்ள பகுதியைத் தேவைக்கு மேல் தடிப்பாகவே விட்டுவிடுகின்றன. தடித்த அலகு எவ்வளவு கூராயினும் பண்டத்தினுள் எளிதில் இறங்காது, ஆப்புப்போற் பிளக்கும். தனியே கத்தி செய்பவனோ வாங்குவோனைக் கேட்கிறான்: எதை வெட்டப் போகிறீர்? உமது உள்ளங்கை எவ்வளவு அகலம்? இடக்கையரா? குளிர் தேசத்திற் கையுறையோடு பிடிப்பீரா? விடைக்கு ஏற்ப அலகை மெலிப்பான்; பிடியைத் திரட்டுவான்; உறையை இடப்பக்கம் தைப்பான். நாள் முழுதும் தோலுரிக்கும் வேட்டை வழிகாட்டிக்கும், விரல் ஒன்றை இழந்தவருக்கும், இடக்கைப் பழக்கமுடையவருக்கும் இது ஆடம்பரமன்று. கை கொப்பளிக்காமலும் வழுக்காமலும் வேலை முடிவதற்கு வழி. இத்தகையோர் கொடுக்கும் விலை பெரும்பாலும் வீண்போவதில்லை.

மூன்றாங் கூறு, நேரம். கத்தி ஒன்றை எடுத்துப் பார்க்கும் போது அதில் அடங்கிய மணிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தகட்டை வெட்டல், இருபுறமும் ஒத்த சரிவாகத் தேய்த்தல், பதம் வைத்தல், பதத்தின்போது வளைந்திருந்தால் நிமிர்த்தல், பின்னர் பருவட்டான அரத்தாளில் தொடங்கி மெல்லிய தாள்வரை ஒவ்வொன்றாக மாற்றி முன்னைய கீறல்களைக் கையாலே நீக்கல், கைப்பிடிக்கு மரத்தையோ கொம்பையோ இடைவெளி தெரியாமற் பொருத்தல், தோலை நனைத்து வார்த்து உறை தைத்தல் என வேலை நீண்டுகொண்டே போகும். எளிமையான கத்திக்கே 12 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 டொலர் என்றால் கூலி 300 டொலர். உருக்கு, மரம், தோல், தேய்க்கும் பட்டிகள் ஆகியவற்றுக்கு 60 டொலர். மின்சாரம், இடவாடகை, சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு 40 டொலர். இவற்றைக் கூட்டினால் 400 டொலர் வந்துவிடுகிறது. மணிக்கு 25 டொலர் என்பது அந்நாட்டில் தேர்ந்த தொழிலாளிக்குப் பெருங்கூலியும் அன்று. ஆகவே நானூறு டொலர் என்று கேட்பவனைப் பேராசைக்காரன் என்று சொல்லிவிட முடியாது. அவன் கேட்பது ஒன்றரை நாட்கூலியும் செய்பொருட் செலவுமே.

இதே கணக்கை நம் நாட்டுக் கம்மாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் ஊர்க் கொல்லர் பழைய லொறியின் வில்லுத் தகட்டைக் காய்ச்சிக் காட்டுக்கத்தி அடித்துத் தருகிறார். லவ்லெஸ் தம் முதற்கத்தியைச் செய்ததும் வண்டியின் வில்லுத் தகட்டிலேதான். அமெரிக்கக் கொல்லர் பலர் இன்றும் விரும்பி எடுப்பது அந்த வகை உருக்கையே. யாழ்ப்பாணத்துப் பனையேறும் தொழிலாளியின் பாளைக்கத்தியையும் எண்ணிப் பாருங்கள். பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவுவதற்கென்றே அமைந்த கத்தி அது. வேறொரு வேலைக்கு அதனைத் தொழிலாளி கொடுக்கமாட்டார். ஒரு தொழிலுக்கும் ஒரு கைக்கும் ஏற்பச் செய்வித்த கத்தி என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பின் ஏன் அங்கே நூற்றுக்கணக்கான டொலரும், இங்கே அதில் ஒரு சிறு பகுதியும்? கைவேலை என்பதனாலே விலை உயர்வதில்லை; அந்தக் கைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு வைக்கிறோம் என்பதனாலேயே உயர்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று நாம் மகிழும் கத்தியில், கொல்லருக்குக் கொடாது விட்ட கூலியும் கலந்திருக்கிறது. தந்தையின் உலையடியில் மகன் வந்து நிற்காமல் வேறு வேலை தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காங் கூறு, அழகு. சில கத்திகளின் அலகிலே நீரோட்டம்போல் அலை அலையாகக் கோடுகள் தோன்றும். இதனை டமஸ்கஸ் உருக்கு என்பர். இப்பெயருக்குள் இருவேறு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பழங்காலத்திலே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில் இட்டு உருக்கிய உருக்கு. மேற்காசியாவிற் புகழ்பெற்ற வாள்கள் இத்தகைய உருக்கினாலே ஆனவை. மற்றொன்று, இருவகை உருக்குத் தகடுகளை மாறி மாறி அடுக்கிக் காய்ச்சி ஒட்டவைத்து மடித்து மடித்து அடிப்பது. வில்லியம் மோரன் 1973இல் அமெரிக்கக் கண்காட்சியொன்றிலே வைத்துப் பலரையும் வியக்கச் செய்தது இந்த இரண்டாம் வகை. இன்று கடையில் டமஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இதுவே. இக்கோலம் வெட்டுந்திறனைக் கூட்டுவதில்லை. நல்ல தனியுருக்கு அதற்கு ஈடாகவோ மேலாகவோ வெட்டும். கோலத்துக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கு இன்பந் தருவதற்குக் கொடுக்கும் காசு. அறிந்து கொடுத்தால் அதிற் குற்றமில்லை. கூடுதலாக வெட்டும் என்று நம்பிக் கொடுத்தால் அது ஏமாற்றம்.

ஐந்தாங் கூறு, பெயர். இதிலேதான் விலை தன் கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. லவ்லெஸ் 2010இல் மறைந்தார். அவர் கைப்படச் செய்த கத்திகள் பத்தாயிரம் டொலருக்கு மேலும் கைமாறியுள்ளன. அவர் பெயரைப் பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. இவற்றை வாங்குவோர் அவற்றால் ஒரு கயிற்றைக்கூட அறுப்பதில்லை. பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இது கத்தி வாணிகம் அன்று. ஓவியமும் பழைய முத்திரையும் சேர்ப்பது போன்ற வேறொரு வாணிகம். அதன் இலாப நட்டத்தை வைத்து, கருவியாகிய கத்தியின் விலையை நாம் மதிப்பிடலாகாது. புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவன், பெரியவர்களுடைய விலையைக் கண்டு தானும் அவ்விலை கேட்டால், வாங்குவோர் விலகி நிற்பதே நலம்.

ஆயின், வாங்குவோர் எதைக் கொண்டு செய்பவனை மதிப்பிடுவது? மோரனுடைய சங்கம் இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. அச்சங்கத்தில் தேர்ந்த கொல்லன் என்ற பட்டம் பெற விரும்புவோன், தான் செய்த கத்தியாலே, தொங்கவிட்ட ஓரங்குலத் தடிப்புள்ள கயிற்றின் நுனியை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பின்பு, கட்டட வேலைக்கு உதவும் மரச்சட்டம் ஒன்றை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அத்தனையும் முடிந்த பிறகும் அந்தக் கூர் கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். இறுதியாக, அலகை இடுக்கியிற் பூட்டி 90 பாகை வளைக்க வேண்டும். அது இரண்டாக முறியலாகாது. கடினமும் உறுதியும் ஒரே அலகில் ஒத்து நிற்கின்றனவா என்பதை இது காட்டிவிடுகிறது. சோதனையின் முடிவில் கத்தி பயனற்றுப் போகும். ஆனால் கொல்லன் தன் பதத்தை அறிந்தவன் என்பது நிலைநாட்டப்படும்.

வாங்குவோர் எல்லாரும் கத்தியை வளைத்துப் பார்க்க இயலாது. எனினும், கேட்கத் தகுந்த கேள்விகள் சில உண்டு. எந்த உருக்கு? பதம் வைத்தவர் யார்? எவ்வளவு கடினம்? ரொக்வெல் அளவில் 58 முதல் 62 வரை என்பது நல்ல கத்திகள் பலவற்றின் நிலை. விளிம்புக்குப் பின்னே எவ்வளவு தடிப்பு? கூர் மழுங்கினால், பிடி தளர்ந்தால், திருத்தித் தருவீரா? இவற்றுக்குத் தடுமாறாமல் விடை சொல்பவனிடம் வாங்கலாம். பிறகு கத்தியைக் கையிலெடுத்து, முதுகின் வழியே கண்ணை ஓட்டிப் பாருங்கள், கோணல் தெரியும். இருபுறச் சரிவும் ஒத்திருக்கின்றனவா, பிடிக்கும் உருக்குக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி உண்டா, உறையைக் கவிழ்த்தால் கத்தி விழுகிறதா என்பவற்றையும் நோக்குங்கள். இச்சிறு சோதனைகளில் தவறும் கத்தி, எத்தனை அழகிய மரப்பிடி கொண்டதாயினும் தன் விலைக்குத் தகுந்ததன்று.

இனி முடிவுக்கு வருவோம். வெட்டுவதற்கு ஒரு கத்தி வேண்டும் என்பவர் ஆலைக் கத்தியையே வாங்கட்டும். அதில் அவருக்கு எவ்வித இழப்பும் இல்லை. தம் கைக்கும் தொழிலுக்கும் ஆலையிற் கிடைக்காத பொருத்தம் வேண்டுவோர், தேர்ந்த கைவினைஞனைத் தேடிச் சென்று அவன் நேரத்துக்குரிய விலையைக் கொடுக்கட்டும்; அது தகும். பெயருக்கும் கோலத்துக்கும் கொடுப்பவர், தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்கட்டும்.

இலங்கையிற் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டுக் கைவினைகள் பற்றி 1908இல் வெளியிட்ட நூலில், நம் கம்மியர் இரும்பும் உருக்கும் எடுத்த முறைகளையும் எழுதிவைத்தார். அன்று அவர் எழுதிவைத்திராவிடில் அவற்றிற் பல செய்திகள் நமக்கு எட்டியிரா. ஆனால் நூலில் எழுதிவைப்பதால் ஒரு தொழில் நினைவில் நிற்கும், உயிரோடு நிற்காது. உயிரோடு நிற்பதற்கு, அத்தொழிலைச் செய்பவனின் அடுப்பும் எரிய வேண்டும். அமெரிக்கக் கத்திக்காரர் கேட்கும் பெருவிலையைக் கேட்டு நாம் வியப்பது இயல்பே. அடுத்த முறை நம் ஊர்க் கம்மாலையில் ஒரு கத்தி அடிக்கச் சொல்லும்போது, அந்த வேலைக்கு எத்தனை மணி ஆயிற்று என்று கொல்லரைக் கேட்டுவிட்டு விலை பேசுவோமாயின், அவ்வியப்பு ஓரளவு பயன்பட்டதாகும்.